உப்புத்தண்ணி வரிசை

8 டிசம்பர், ஞாயிறு

எழுந்திருக்கும்போதே இடுப்பு வலி. மழை வரப்போகிறது என்பதை இடுப்பே சொல்லிவிடுகிறது, எனக்கு டிவிச் செய்தி தேவையில்லை.

மேலக்காட்டில் இன்னும் இரண்டு எலுமிச்சை போய்விட்டது. முதலில் இலை நுனி கருகும், பிறகு ஓரம், அப்புறம் மரமே விறகு. நாங்கள் விதை போட்டு வளர்த்து நட்ட தோட்டத்தில் பச்சையாக நிற்பவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். போர்க்கிணற்றை ஆழப்படுத்தியதிலிருந்து வருவது தண்ணீரா, கடலே குழாய் வழியாக ஏறி வருகிறதா என்று தெரியவில்லை. வாயில் வைத்தால் துப்பத்தான் முடியும்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் மறுபடி ஆரம்பித்தார். இவருடைய சித்தப்பா மகன் வினோத்குமார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். அங்கே கேட்டில் காவலுக்கு நிற்க ஆள் வேண்டுமாம்.

"நிலத்தக் கருவேலுக்கு விட்டுருவோம் செல்வி. அது தன்னால வளரும். கரிமூட்டம் போடுறவன் வந்து வெட்டிக்கிருவான். நமக்கும் ரோதனை இல்ல."

போன வருடமே நான் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன். எங்கள் மோட்டார்த் தொட்டி ஓரமாக ஒரு முள்ளெலுமிச்சை நிற்கிறது, யார் வைத்தது என்று தெரியாது. பழம் ஆரஞ்சு நிறம், புளிப்பில் பல் கூசும், ஆடுகூடச் சீண்டாது. ஆனால் அதன் காலடியில் உப்பு வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது, அது பாட்டுக்குக் காய்க்கிறது. அதன் விதையைப் பையில் போட்டு வளர்த்தேன். இப்போது பென்சில் கனம். வேர் அதனுடையதாக இருக்கட்டும், மேலே நல்ல எலுமிச்சையை ஒட்டுக் கட்டுவோம் என்பது என் கணக்கு.

சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். "ஒட்டுப் பிடிச்சு, அது நம்ம காட்டுல நம்ம தண்ணியக் குடிச்சு நின்னுச்சுன்னா நான் இருக்கேன். இல்லன்னா என்னைய விட்ரு, நான் போறேன்."

விட்ரு என்றால் என்ன அர்த்தம்? நானா பிடித்து வைத்திருக்கிறேன்?

11 டிசம்பர், புதன்

கல்யாணத்துக்கு முன்னால் மதுரைப் பக்கம் ஒரு நர்சரியில் ரோஜாவுக்கு மொட்டுக் கட்டியவள் நான். கை மறக்கவில்லை. பட்டையில் குறுக்கே ஒரு கீறல், அதன் நடுவிலிருந்து கீழே ஒரு கீறல். பட்டையை நெகிழ்த்தி மொட்டை உள்ளே நுழைத்துப் பாலித்தீன் நாடாவால் சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டு வாசல் எலுமிச்சை மரத்திலிருந்து குச்சி வெட்டி, இலையை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்பை விட்டு வைத்திருந்தேன். காம்புதான் பிடி. காம்புதான் சாட்சியும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொட்டால் காம்பு தானாக விழ வேண்டும். விழுந்தால் மொட்டு உயிரோடு இருக்கிறது. விழாமல் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டே இருந்தால் மொட்டு செத்துவிட்டது. புதிதாகக் கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

நான் கன்றுகளைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை குச்சிகளை நீட்டுகிறாள். எல்லாம் பல்குச்சி மாதிரி வழவழவென்று இருக்கின்றன.

"முருங்கக் கீர ஆயுற மாதிரி ஆஞ்சுட்டேன் செல்வி. முள்ளு உன் கையில குத்தும்ல."

காம்பும் இல்லை, முள்ளும் இல்லை. எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை. மாமியார் ஒரு நாள் ஒத்தாசை செய்தாள், அது இப்படி. திட்ட வாய் வரவில்லை. தோராயமாகக் கட்டினேன். பாதி மொட்டு தலைகீழாகத்தான் இருக்கும்.

12 டிசம்பர், வியாழன்

விடாத மழை. இடுப்பு பொய் சொல்வதில்லை.

30 டிசம்பர், திங்கள்

நாடாவைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு. ஒன்றுகூட இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அழுகிவிட்டது. தலைகீழாகக் கட்டியது, நேராகக் கட்டியது என்று அது பேதம் பார்க்கவில்லை.

இவர் பக்கத்தில் வந்து நின்றார். பார்த்துவிட்டுப் போய்விட்டார். என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாத வீட்டில் மாட்டுப் பொங்கல் ஒரு சடங்குதான்.

வினோத்குமார் ஊருக்கு வந்திருந்தான். வரும்போதே ஒரு சட்டை கொண்டுவந்தான். நீலச் சட்டை, பையின் மேல் மஞ்சள் நூலில் செக்யூரிட்டி என்று இங்கிலீஷில் பின்னியிருக்கிறது. "அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாருண்ணே. எப்ப வாரேன்னு சொல்லு, நான் பேசி வைக்கிறேன்."

இவர் போட்டுப் பார்த்தார். அத்தை, "ஏட்டையா மாதிரி இருக்கானே எம் மயன்" என்று கன்னத்தை வழித்தாள். எனக்கு அடுப்படியில் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

அளவு சரியாகத்தான் இருந்தது.

5 பிப்ரவரி, புதன்

கீழக்கரை போய் வந்தேன். கால் வீங்கிவிட்டது.

வாசல் மரத்தில் பூச்சி விழுந்து தளிர் எல்லாம் சுருண்டு கிடக்கிறது, அதில் மொட்டு எடுக்க முடியாது. முன்பு எங்கள் தோட்டம் காய்த்தபோது ஹாஜா முகைதீன் பாய் தன்னுடைய கடைக்கு எங்களிடம்தான் காய் எடுப்பார். அவர் வீட்டுக் கொல்லையில் வருடம் முழுக்கக் காய்க்கிற எலுமிச்சை ஒன்று உண்டு. தோல் மெல்லிசு, பிழிந்தால் கை நனையும். அதைக் கேட்கத்தான் போனேன்.

"வெட்டிக்கங்க தங்கச்சி. எதுக்குன்னு சொல்லிட்டு வெட்டுங்க."

ஒட்டுக் கட்ட என்றேன். கரையில் உப்புத் தண்ணீரில் எலுமிச்சையா என்று சிரிப்பார் என நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் கத்தியை வைத்ததும் ஒரு நிமிசம் என்றார். அவரே பிஸ்மி சொன்னார். பிறகு வெட்டச் சொன்னார்.

"துபாய்ல இருபது வருசம் இருந்தேன். அங்கன ஈச்ச மரத்த உப்புத் தண்ணியில நிப்பாட்டி வச்சிருக்கானுவ. அல்லா நாடுனா எங்கயும் நிக்கும்."

குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி வாழைமட்டைக்குள் வைத்துக் கட்டித் தந்தார்கள். அவர் வீட்டம்மா தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் அல்வாவும் ஒரு பொட்டலம் கொடுத்தார். பேருந்தில் உட்கார இடமில்லை. வாழைமட்டையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். உள்ளே குச்சி என்று சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

6 பிப்ரவரி, வியாழன்

காலை தொடங்கி வெளிச்சம் போகும்வரை அதே முள்ளெலுமிச்சைக் கன்றுகளில் மறுபடி கட்டினேன். அத்தையைத் தூரத்தில் உட்கார வைத்து, தொதலைக் கையில் கொடுத்து, ஒரு குச்சியையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள். ஆனால் தொதலைத் தின்றாள்.

இந்த முறை பட்டை நன்றாகக் கழன்றது. காம்பெல்லாம் ஒழுங்காக நிற்கிறது. கிழக்கே ஒரு வரிசை, மேற்கே மோட்டார் ரூம் ஓரமாக ஒரு வரிசை.

விரல் நுனி முழுக்க வெட்டுக்காயம். எலுமிச்சைச் சாறு அதில் பட்டால் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

24 பிப்ரவரி, திங்கள்

விழுந்தது.

தொட்டேன், விழுந்தது. அடுத்ததைத் தொட்டேன், விழுந்தது. சில காய்ந்து ஒட்டிக்கொண்டு நின்றன, அவற்றை விட்டுவிட்டேன். பெரும்பாலும் விழுந்துவிட்டது. நாடாவின் இடுக்கில் மொட்டு பச்சையாக, கண்ணைத் திறக்காத பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை, அதனால் அழுதேன்.

இவரைக் கூப்பிட்டு ஒன்றைத் தொடச் சொன்னேன். விழுந்த காம்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒட்டுப் பிடிச்சிருச்சு" என்றேன்.

"சரி. காட்டுல நிக்கணும்ல" என்றார்.

அது உண்மைதான். இருந்தாலும் இன்றைக்கு ஒரு நாள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

4 மார்ச், செவ்வாய்

மொட்டுக்கு மேலே தாய்த்தண்டை நறுக்கிவிட்டேன். இனி எல்லாத் தெம்பும் மொட்டுக்குப் போக வேண்டும். இப்போது நல்ல தண்ணீர் முக்கியம். குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறது, வீட்டுக்கே போதவில்லை.

அதனால் ஊருணியில் எடுத்தேன். ஒரு வாரமாகவே எடுக்கிறேன். எழுதாமல் இருந்தால் செய்யாதது போல் ஆகிவிடுமா?

எங்கள் ஊருணியில் குடிக்க மட்டும்தான் எடுக்கலாம். கால் கழுவக் கூடாது, செருப்போடு கரை ஏறக் கூடாது, செடி கொடிக்கு ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. ஊர்க்கட்டு. கோடையில் ஊர் பிழைத்துக் கிடப்பது அதனால்தான், நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்குப் பஞ்சம்மாள் கரையில் உட்கார்ந்திருந்தாள். ஊருணிப் பக்கம் எது நடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"என்னத்தா செல்வி, மூணு பேரு உள்ள வீட்டுக்கு இத்தன நடையா? உங்க வீட்டு வயிறு என்ன வயிறு?"

நடையைக் கட்டினேன். குடம் கனத்தது.

7 மார்ச், வெள்ளி

ஊர்க்கூட்டம். அய்யனார் கோயில் முன்னால் இவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பெண்ணைக் கூப்பிட மாட்டார்கள், புருசனைத்தான் கூப்பிடுவார்கள். தப்பு செய்தவள் நான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பி நின்றவர் அவர்.

இவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நாந்தான் ஊத்தச் சொன்னேன்" என்றாராம். பஞ்சம்மாளே வந்து சொன்னாள், சொல்லும்போது அவளுக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊருணியில் படர்ந்திருக்கிற பாசியை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தீர்ப்பு.

ராத்திரி நான் பேச வாயெடுத்தேன். "விடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

10 மார்ச், திங்கள்

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாசியை வாரி வாரிக் கரையில் போடுகிறார். நானும் வாரேன் என்றேன். "நீ வராத" என்றார். வாலிபப் பையன்கள் கரையில் நின்று போனில் படம் எடுத்தார்கள்.

14 மார்ச், வெள்ளி

மகளுக்கு மஞ்சள் காமாலை. மதுரையில் நர்சிங் படிக்கிறாள், ஊருக்கெல்லாம் ஊசி போடக் கற்றுக்கொள்கிறவள் தன் உடம்பைப் பார்க்கவில்லை. இன்றே கிளம்புகிறேன். "செடியப் பாத்துக்கங்க" என்று இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

22 மார்ச், சனி

மகளுக்குப் பரவாயில்லை. கண் வெளுத்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் செடிக்குத்தான் போனேன். கிழக்கு வரிசை தளிர் விட்டிருக்கிறது. மேற்கு வரிசை... வந்திருந்த தளிரெல்லாம் ஓரம் கருகி, பையில் மண் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மோட்டார்த் தண்ணியா ஊத்துனீங்க என்று கேட்டேன்.

"ஆமா. கொழாத் தண்ணி கெழக்கு வரிசையோட தீந்துபோச்சு. வேற என்னத்த ஊத்த? மறுபடி ஊருணிக்கா போகச் சொல்ற?"

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எட்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான், எனக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. "நீங்க போகணும்னுதான இதக் கொன்னீங்க. எப்படா சாகும்னு பாத்துக்கிட்டு இருந்தீங்கல்ல" என்றேன்.

அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நானும் பார்த்திருப்பேன். அது கோபம் இல்லை. சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேற்கு வரிசைப் பைகளை எல்லாம் தூக்கி மோட்டார் ரூமுக்குப் பின்னால் போட்டேன். கண்ணில் படாமல் சாகட்டும்.

31 மார்ச், திங்கள்

காலை பஸ்ஸில் போய்விட்டார். நீலச் சட்டையை மடித்துப் பையில் வைத்தது அத்தைதான். நான் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பஸ் திரும்பும்வரை நின்றேன். அவர் இந்தப் பக்கச் சன்னலில் உட்காரவில்லை.

18 ஏப்ரல், வெள்ளி

போன் வந்தது. "சாப்ட்டியா." "சாப்ட்டேன்." "அம்மா?" "சாப்ட்டாங்க." வைத்துவிட்டார்.

12 மே, திங்கள்

கத்திரி வெயில். குடிக்க விலைக்கு வாங்கி வைத்திருக்கிற குடத்துத் தண்ணீரில்தான் கிழக்கு வரிசைக்கும் பங்கு. என் பங்கில் குறைத்துக்கொள்கிறேன். அத்தை கேட்டால் தாகமில்லை என்று சொல்லிவிடுகிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஆனால் செடிகள் நல்ல செழிப்பு. ஒரு முழம் வளர்ந்துவிட்டன, இலை பளபளவென்று இருக்கிறது.

அத்தை மட்டும் மோட்டார் ரூம் பின்னால் போய்ப் போய் வருகிறாள். என்ன செய்கிறீர்கள் என்றேன்.

"செத்துப்போகுதுன்னாலும் தண்ணி குடுக்காமச் சாகவிடப்படாதுத்தா. எம் மயன் ஊத்துன தண்ணியத்தான் ஊத்துறேன். அதுக்கெல்லாம் நீ வெலக் குடத்துல ஊத்த வேணாம்."

அதாவது மோட்டார்த் தண்ணீர். ஊற்றட்டும். அவளுக்கு மகன் இல்லாத கையை எதிலாவது வைக்க வேண்டும்.

சாயங்காலம் கூத்தையா வந்தார். கரிமூட்டம் போடுகிறவர், பக்கத்து ஊர். "உங்க வீட்டுக்காரன் அருள்முருகன் போன்ல சொன்னான். நிலத்த எப்ப விடுறீக?" என்று கேட்டார். அவுக வந்து சொல்லட்டும் என்றேன். "புரட்டாசிக்குள்ள சொல்லிருங்கத்தா, எனக்கும் ஆள் பிடிக்கணும்" என்று போனார். நல்ல மனிதர்தான். கரி பிடித்த கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பை அவரே கழுவி வைத்தார்.

24 ஜூன், செவ்வாய்

பொறுக்க முடியவில்லை. கிழக்கு வரிசையில் நல்லதாகப் பார்த்து நான்கை எடுத்துக்கொண்டுபோய் மேலக்காட்டில் நட்டேன். நடுகிற காலம் இல்லை இது, தெரியும். ஆனால் நிற்குமா நிற்காதா என்று தெரிந்துகொண்டால் போனில் ஒரு வார்த்தை சொல்லலாம். எரு போட்டு, ஓலை மறைப்புக் கட்டி, மோட்டார்த் தண்ணீர் பாய்ச்சினேன். காட்டுக்கு அதுதானே தண்ணீர்.

9 ஜூலை, புதன்

நான்கும் கருகிவிட்டன. நுனி, ஓரம், பிறகு உதிர்ந்துவிட்டது. பழைய கதை.

வேர் முள்ளெலுமிச்சை, ஒட்டு கீழக்கரை எலுமிச்சை, கட்டு என் கட்டு. எல்லாம் சரியாகத்தானே இருந்தது. எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. அவர் சொன்னதுதான். இந்தக் காட்டில் எதுவும் நிற்காது. களைத்துவிட்டேன். கூத்தையாவிடம் சொல்லிவிடலாம்.

14 ஜூலை, திங்கள்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

மண்வெட்டி எடுக்க மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன். நான் போய் மூன்று மாதத்துக்கு மேலே இருக்கும். அந்தப் பைகள். கொஞ்சம் பைகளில் காய்ந்த குச்சிதான். மற்றவை நிற்கின்றன. நிற்கின்றன என்றால், கிழக்கு வரிசைபோல வளரவில்லை, சாண் உயரம்தான். இலை சின்னது, தடித்தது, தோல் மாதிரி. ஆனால் பச்சை. கருகிய பழைய இலைகள் காலடியில் கிடக்கின்றன, மேலே புதுக் கொழுந்து. மண் முழுக்க உப்பு பூத்திருக்கிறது, அதற்குள் நின்றுகொண்டு கொழுந்து விடுகிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊருணித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஊற்றி ஊற்றிச் செல்லமாக வளர்த்தேன். வாக்கப்பட்டுப் போகிற இடம் உப்புக்காடு என்று தெரிந்தே வளர்த்தேன். ஒரே நாளில் கொண்டுபோய் அங்கே விட்டால் என்ன ஆகும்? இந்த வரிசைக்கு மொட்டு கண் திறந்த நாளிலிருந்து இந்தத் தண்ணீர்தான். சாகிறது செத்தது, மிச்சம் பழகிக்கொண்டது. நர்சரியில் கற்ற எனக்கு இது தோன்றவில்லை. அங்கே தண்ணீர் நல்ல தண்ணீர், இந்தக் கேள்வியே வராது.

இதற்காக ஊர்க்கட்டை மீறினேன். இதற்காக அவரை ஊர் முன்னால் நிற்க வைத்தேன். இதற்காக...

எப்படா சாகும்னு பாத்துக்கிட்டு இருந்தீங்கல்ல. நான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

15 ஜூலை, செவ்வாய்

மேற்கு வரிசையில் நான்கை எடுத்து, அந்தச் செத்த நான்கின் குழியிலேயே நட்டேன். அதே ஓலை, அதே தண்ணீர்.

கிழக்கு வரிசைக்கு இன்றிலிருந்து ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் கை அளவு மோட்டார்த் தண்ணீர். மெல்ல மெல்லக் கூட்டுவேன். அத்தையிடம் சொன்னேன். "இத நான் அப்பவே செஞ்சுக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள். முருங்கைக்கீரை விஷயத்தை இனிமேல் நான் எடுக்க முடியாது.

2 ஆகஸ்ட், சனி

நிற்கிறது. இன்னும் போன் பண்ணவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

கொஞ்ச நாள் போகட்டும் என்பது செடிக்காகவா, எனக்காகவா?

22 ஆகஸ்ட், வெள்ளி

நான்கும் நிற்கின்றன. ஒன்றில் ஓரம் லேசாகக் கருகியது, அதுவும் கொழுந்து விட்டுவிட்டது. இனிச் சாக்கு இல்லை.

காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அடுப்படியில் சொன்னேன், குழாயடியில் சொன்னேன். கடைசியில் போனை எடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"மேக்கு வரிச நிக்கிதுங்க" என்றேன்.

"எது?"

"நீங்க உப்புத்தண்ணி ஊத்துனது. காட்டுல நட்டுட்டேன். நிக்கிது. நான் வளத்ததுதான் செத்துப்போச்சு."

பின்னால் லாரி ஆரன் கேட்டது. வைத்துவிடுவாரோ என்று பயந்து அவசரமாகச் சொன்னேன்: "அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. நீங்க அப்பிடிப்பட்ட ஆள் இல்ல. அது எனக்கு அப்பவும் தெரியும்."

"லோடு வந்திருக்கு. கேட்டத் தொறக்கணும்" என்றார்.

அவ்வளவுதான். வைத்துவிட்டார். வா என்று நான் கேட்கவில்லை. அது என் வாயிலிருந்து வந்தால் பிடித்து இழுப்பது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. காம்பு விழுவதற்கு நாம் தொடலாம், அவ்வளவுதான். பிய்க்கக் கூடாது.

23 ஆகஸ்ட், சனி

போன் இல்லை.

1 செப்டம்பர், திங்கள்

போன் வந்தது. அத்தையிடம் மட்டும் பேசினார். அத்தைக்குக் கண்புரை முற்றிக்கொண்டு வருகிறது, அந்த ஆபரேசன் எப்போது என்று கேட்டாராம். செடியைப் பற்றிக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. அத்தையாகவே சொன்னாள்: "எத்தன எல விட்டுருக்குன்னு கேட்டான். எனக்கென்ன தெரியும், கண்ணு தெரியாதவகிட்டக் கேக்கிறான் கிறுக்கன்."

20 செப்டம்பர், சனி

விடியும்போது நாய் குரைத்தது. பழகிய ஆளுக்குக் குரைக்கிற குரைப்பு. கதவைத் திறந்தால் வாசலில் பை இருக்கிறது, ஆள் இல்லை.

மேலக்காட்டில் அந்த நான்கு கன்றுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். ஓலையை விலக்கி இலையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. ராத்திரி வேலை அப்படித்தான் ஆக்கும். நான் வந்ததைத் தெரிந்துகொண்டு, திரும்பாமலே, "எல தடிப்பா இருக்கு" என்றார்.

"ஆமா" என்றேன். "காப்பி குடிக்கலையா?"

"குடிக்கணும்."

லீவா, எத்தனை நாள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

27 செப்டம்பர், சனி

கூத்தையா வந்தார். புரட்டாசி பிறந்துவிட்டதே. இவர் அவரை உட்கார வைத்து டீ கொடுத்து, மழை எப்போது வரும், கரி என்ன விலை போகிறது என்று ரொம்ப நேரம் பேசினார். நிலத்தைப் பற்றி இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. போகும்போது கூத்தையா மேலக்காட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்று சைக்கிளை எடுத்தார்.

8 அக்டோபர், புதன்

இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிட்டது. மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும் என்று மூன்று நாளாகக் குழி போடுகிறோம். மேற்கு வரிசையில் மிஞ்சியதெல்லாம் இன்று காட்டுக்குப் போய்விட்டது. கிழக்கு வரிசையும் இப்போது முழுக்க மோட்டார்த் தண்ணீர்தான் குடிக்கிறது, அடுத்த வாரம் அதுவும் போகும். எத்தனை பிழைக்கும் என்று தெரியாது. எல்லாம் பிழைக்கும் என்று நினைக்கிற வயது தாண்டிவிட்டது.

இவர் குழி தோண்டும்போது அந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார். முதுகில் வேர்வை உப்பாகக் காய்ந்து கோடு போட்டிருக்கிறது. பையின் மேலே செக்யூரிட்டி என்கிற எழுத்தில் பாதி நூல் பிரிந்துவிட்டது. வேலைக்குப் போட்டுக் கெடுக்கிறீர்களே, திரும்பப் போகும்போது வேண்டாமா என்று நான் கேட்டிருக்கலாம். அத்தை கேட்டேவிட்டாள். "கெட்டித் துணிம்மா, முள்ளு குத்தாது" என்று மட்டும் சொன்னார்.

கடைசிக் கன்றை வைத்து மண்ணைத் தள்ளியதும் போய் மோட்டாரைப் போட்டார். ஓஸைத் தூக்கிக்கொண்டு வந்து, முனையைக் கையில் மடித்துப் பிடித்துத் தண்ணீரை நிறுத்தியபடி என்னைப் பார்த்தார்.

"ஊத்தவா?"

"ஊத்துங்க" என்றேன்.